வகுப்புக் குழுவில் வந்த பட்டியல்: நம் பிள்ளைகளின் விவரம் யார் கையில்?

2022ஆம் ஆண்டு. தம்பி ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான், நான் எஸ்.பி.எம். தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். டத்தோ கிராமாட் சாலையை ஒட்டிய அடுக்குமாடி வீடு எங்களுடையது. அம்மா பாடாங் பிரவுன் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார். மாலையில் அவர் வந்து களைத்து உட்கார்ந்ததும், தம்பியின் வகுப்புப் புலனக் குழுவில் அன்று என்னென்ன வந்தது என்று நான்தான் படித்துச் சொல்வேன். பெரும்பாலும் வீட்டுப்பாடம், விளையாட்டுப் போட்டி, சட்டை நிறம் பற்றிய அறிவிப்புகளாக இருக்கும்.

அன்று வந்தது ஒரு பட்டியல். ஆர்.எம்.டி. எனப்படும் கூடுதல் உணவுத் திட்டத்தில் காலை உணவு பெறும் மாணவர்களின் பட்டியல். வருமானம் குறைந்த குடும்பத்து ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு தரும் உணவு அது. "பெற்றோர்களே, விவரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஆசிரியர் எழுதியிருந்தார். பதினான்கு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே மைகிட் எண், பெற்றோர் பெயர், கைப்பேசி எண். கடைசிக் கட்டத்தில் குடும்பத்தின் மாத வருமானம்.

ஒன்பதாவது பெயர் தம்பியுடையது. கடைசிக் கட்டத்தில் 1,640 ரிங்கிட் என்று இருந்தது.

குழுவில் முப்பத்தேழு பேர் இருந்தார்கள். அவர்களில் பலருடைய கைப்பேசி மாலை நேரத்தில் பிள்ளைகளின் கையில்தான் இருக்கும். மறுநாளே வகுப்பில் தம்பிக்குப் புதிய பெயர் வந்துவிட்டது: 'ஆயிரத்து அறுநூறு'. அவன் அதை வீட்டில் சொல்லவில்லை. காலையில் கொடுக்கும் உணவை வாங்காமல் திடலுக்குப் போய்விடுகிறான் என்பது நான்காம் நாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவும் அவன் நண்பன் ஒருவன் என்னிடம் சொன்னதால்.

"டீச்சர்கிட்டப் போய் கேப்போம்மா" என்றேன்.

"அவங்கள ஒண்ணும் சொல்லாத. போன வருஷம் இவனுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தவங்களே அவங்கதான்" என்றார் அம்மா.

அம்மா சொன்னதும் உண்மைதான். அந்த ஆசிரியர் கெட்டவர் அல்லர். ஒரு பிள்ளைக்கும் உணவு விடுபட்டுப் போகக்கூடாது என்ற அக்கறையில்தான் பட்டியலைப் போட்டார். ஆனாலும் தம்பி பசியோடு இருந்தான். நல்ல மனமுள்ள ஒருவர் செய்த காரியம் ஒரு பிள்ளையை எப்படி இவ்வளவு நோகடித்தது என்ற கேள்வி அன்று எனக்குள் விழுந்தது. இந்தத் தவணையில் பல்கலைக்கழகத்தில் கணினி மாணவர்களுக்கான சட்டப் பாடத்தை எடுத்தபோதுதான் அதற்குப் பாதி விடை கிடைத்தது.

சட்டம் இருக்கிறது

மலேசியாவில் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு. சட்ட எண் 709. 2013 நவம்பர் 15ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஒருவரைப் பற்றிய விவரத்தைச் சேகரித்து வைத்திருப்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை இது ஏழு கொள்கைகளாகச் சொல்கிறது.

அவற்றை எளிமையாகச் சொன்னால் இப்படித்தான் இருக்கும். சம்மதம் பெற்று, தேவைக்கு மட்டும் வாங்கு. எதற்காக வாங்குகிறாய் என்று முன்கூட்டியே எழுத்தில் சொல். சொன்ன நோக்கத்துக்கு வெளியே யாரிடமும் கொடுக்காதே. பத்திரமாக வை. வேலை முடிந்ததும் அழித்துவிடு. தவறில்லாமல் வைத்திரு. உரியவர் கேட்டால் காட்டு.

பதினெட்டு வயது நிரம்பாதவரின் சார்பில் பெற்றோரோ பாதுகாவலரோ இந்த உரிமைகளைப் பயன்படுத்தலாம். உடல்நலம், மனநலம், சமய நம்பிக்கை, அரசியல் கருத்து போன்றவற்றை இச்சட்டம் 'நுண்ணுணர்வு மிக்க தரவு' என்று தனியே பிரிக்கிறது. அவற்றைக் கையாள வெளிப்படையான சம்மதம் வேண்டும். சேர்க்கைப் பாரத்தில் சமயம், ஆஸ்துமா, வலிப்பு என்று நாம் யோசிக்காமல் நிரப்பும் கட்டங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை.

2024 ஜூலையில் இலக்கவியல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோ கொண்டுவந்த திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2025 ஜனவரி, ஏப்ரல், ஜூன் என்று மூன்று கட்டமாக அது நடைமுறைக்கு வந்தது. கொள்கைகளை மீறினால் விதிக்கப்படும் அபராதத்தின் உச்ச வரம்பு 300,000 ரிங்கிட்டிலிருந்து 1,000,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. சிறைத் தண்டனை இரண்டு ஆண்டிலிருந்து மூன்று ஆண்டானது. கைரேகை, முகப் பதிவு போன்ற உடல் அடையாளத் தரவும் நுண்ணுணர்வு மிக்கவற்றில் சேர்ந்தது. 2025 ஜூன் 1 முதல், தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்குப் பெரிய தீங்கு நேரக்கூடும் என்றால் அவரிடமும் சொல்ல வேண்டும். ஆணையருக்குத் தெரிவித்த ஏழு நாளுக்குள் அது நடக்க வேண்டும்.

இவ்வளவையும் படித்தபோது எனக்கு உற்சாகமாக இருந்தது. தம்பியின் பட்டியல் கிட்டத்தட்ட ஒவ்வொரு கொள்கையையும் மீறியது போலவே தோன்றியது. பிறகு சட்டத்தின் 3ஆம் பிரிவைப் படித்தேன்.

பள்ளி வாசலில் நின்றுவிடும் சட்டம்

கூட்டரசு அரசாங்கத்துக்கும் மாநில அரசாங்கங்களுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்கிறது அந்தப் பிரிவு. இன்னொரு வரம்பும் உண்டு: வணிகப் பரிவர்த்தனை தொடர்பான தரவுக்கு மட்டுமே இச்சட்டம். கட்டணம் வாங்காமல் அரசு ஆசிரியர்கள் நடத்தும் வகுப்பறை இந்த வலையில் சிக்காது. ஆக, நாட்டில் பெரும்பாலான பிள்ளைகள் படிக்கும் தேசியப் பள்ளிகளிலும் தேசிய மாதிரிப் பள்ளிகளிலும் ஒரு பெற்றோர் இந்தச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நிற்க முடியாது.

2025 ஏப்ரல் 28 முதல் தரவுப் பகிர்வுச் சட்டம் என்று இன்னொன்றும் நடப்பில் உள்ளது. ஆனால் அது கூட்டரசு அமைப்புகள் தங்களுக்குள் தரவைப் பகிர்வதற்கான விதி. அம்மா போன்ற ஒருவர் முறையிட அதில் இடமில்லை. அரசு ஊழியர்களுக்கு ஒழுங்கு விதிகளும் சுற்றறிக்கைகளும் இருக்கின்றன. அவை மேலதிகாரிக்கும் ஊழியருக்கும் இடையிலானவை. பெற்றோருக்கு நேரடி உரிமை என்று எதையும் தருவதில்லை.

தனியார் பள்ளி, அனைத்துலகப் பள்ளி, தனியார் பாலர்பள்ளி, டியூஷன் மையம், பள்ளிப் பேருந்து நடத்துநர், வகுப்புப் படம் எடுக்கும் புகைப்பட நிறுவனம், கட்டணச் செயலி நடத்தும் நிறுவனம் ஆகியவை எல்லாம் காசு வாங்கிச் சேவை தருபவை. சட்டம் இவர்களைப் பிடிக்கும். ஒரே பிள்ளையின் ஒரே மைகிட் எண், டியூஷன் மையத்தின் கணினியில் இருக்கும்போது சட்டப் பாதுகாப்போடு இருக்கிறது. பள்ளி அலுவலகத்தின் கணினிக்குப் போனதும் அந்தப் பாதுகாப்பை இழந்துவிடுகிறது.

நீதிமன்றங்கள் முற்றிலும் மௌனமாக இருந்ததில்லை. 2010இல் சட்ட அறிக்கைகளில் வெளியான சிவராசா ராசையா வழக்கில், அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு சொல்லும் தனிமனிதச் சுதந்திரத்துக்குள் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று கூட்டரசு நீதிமன்றத்தில் நீதிபதி கோபால் ஸ்ரீ ராம் குறிப்பிட்டார். அடுத்த ஆண்டு பதிவான இன்னொரு வழக்கு நம் பினாங்கு உயர் நீதிமன்றத்தினுடையது. சிகிச்சையின்போது தனக்குத் தெரியாமல் மருத்துவர் தன்னைப் படம் எடுத்தார் என்று ஒரு நோயாளி வழக்குத் தொடுத்தார். அந்தரங்கத்தில் தலையிடுவது இழப்பீடு கோரத்தக்க குற்றம் என்று இந்தத் தீவின் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் காலை உணவுப் பட்டியலுக்காக வழக்கறிஞரைத் தேடிப் போகும் நிலையில் 1,640 ரிங்கிட் குடும்பம் எதுவும் இல்லை.

பன்னிரண்டு எண்கள்

"பேரும் நம்பரும் தானே, இதுல என்ன இருக்கு?" என்று அந்தச் சமயத்தில் ஒரு அத்தை கேட்டார். நியாயமான கேள்விதான்.

நம் அடையாள எண் பன்னிரண்டு இலக்கம் கொண்டது. முதல் ஆறு இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம். பினாங்கு என்றால் 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். எண்ணைப் பார்த்தாலே பிள்ளையின் வயது, பிறந்தநாள், ஊர், பால் எல்லாம் தெரிந்துவிடும். பன்னிரண்டு வயதில் மைகிட் போய் மைகார்ட் வருகிறது. எண் மட்டும் மாறுவதில்லை. கடவுச்சொல் வெளியே தெரிந்துவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். பதினோரு வயதில் வெளியான அடையாள எண் எழுபது வயதிலும் அதேதான். வங்கிக் கணக்கு, மருத்துவமனைப் பதிவு, உயர்கல்விக் கடன் எல்லாவற்றுக்கும் அந்த எண்ணையே கொடுக்கிறோம்.

2018 ஜூன் மாதத்தில் இந்த நாடே இதைக் கொஞ்சம் யோசித்தது. 'சாப்ஸ்' என்று பெற்றோர் அறிந்திருந்த பள்ளித் தேர்வுப் பகுப்பாய்வு முறை நினைவிருக்கலாம். பிள்ளையின் அடையாள எண்ணைத் தட்டி, பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் தேர்வு முடிவைப் பார்க்கலாம். அந்தத் தளத்தில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதாகவும், மில்லியன் கணக்கான மாணவர், பெற்றோரின் விவரங்களை அதன் வழியே எடுத்துவிட முடியும் என்றும் செய்தி வெளியானது. தளம் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு ஜனவரியில், மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு மில்லியனுக்கு மேற்பட்டோரின் விவரங்கள் கசிந்திருப்பதாக லோயாட் டாட் நெட் எழுதியது.

இது மலேசியாவின் தனிக்கதை அல்ல. இந்தியாவில் கொரோனா காலத்தில் பள்ளிகள் பரவலாகப் பயன்படுத்திய அரசுச் செயலி தீக்ஷா. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அச்சான கியூஆர் குறியீடுகள்கூட அதற்குத்தான் கொண்டுபோய்விடும். பூட்டப்படாத ஒரு மேகக்கணிச் சேமிப்பகத்தில் ஏறத்தாழ 600,000 மாணவர்களின் தகவலும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களின் தகவலும் திறந்து கிடந்ததாக 2023 ஜனவரியில் செய்தி வந்தது.

பெரிய கசிவுகள் செய்தியாகின்றன. விசாரணை என்ற பேச்சாவது எழுகிறது. வகுப்புக் குழுவில் நடக்கும் சின்னக் கசிவை யாரும் கசிவு என்றே சொல்வதில்லை. ஆனால் பெரிய கசிவில் நம்மைத் தெரியாத ஒருவன் கையில் எண் போகிறது. சின்னக் கசிவில், பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவன் கையில் போகிறது. பதினோரு வயதுப் பையனுக்கு எது அதிகம் வலிக்கும்?

நானும் ஒரு கண்ணி

இதுவரை எழுதியதில் நான் நியாயம் கேட்கும் அக்காவாக இருக்கிறேன். கதை அத்தோடு முடிந்திருந்தால் எனக்கு வசதி.

2023இல் எஸ்.பி.எம். முடிந்ததும் மூன்று மாதம் ஒரு டியூஷன் மையத்தில் பகுதி நேர வேலை பார்த்தேன். வருகைப் பதிவு, கட்டண ரசீது, முகநூல் பக்கம் எல்லாம் என் பொறுப்பு. ஒருநாள் மேற்பார்வையாளர் எனக்கு ஒரு எக்செல் கோப்பை அனுப்பினார். நான்கு பள்ளிகளைச் சேர்ந்த ஆறாம் ஆண்டு மாணவர்களின் பெயர், பெற்றோரின் கைப்பேசி எண். "ஒவ்வொருத்தருக்கும் கூப்பிட்டு, பள்ளி விடுமுறைச் சிறப்பு வகுப்பு இருக்குன்னு சொல்லுங்க" என்றார். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது பேரை அழைத்தேன். "உங்க பிள்ளை இந்தப் பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கிறான் இல்லையா, ஆண்ட்டி?" என்று இனிமையாகத் தொடங்குவேன். சிலர் நான் பள்ளியிலிருந்து பேசுவதாகவே நினைத்தார்கள். நான் திருத்தவில்லை.

மூன்றாம் நாள் அந்தப் பட்டியலில் தம்பியின் நண்பன் பெயரைப் பார்த்தேன். திடலில் உட்கார்ந்திருந்தவனைப் பற்றி என்னிடம் வந்து சொன்ன அதே பையன். அவன் அம்மாவின் எண் அதன் பக்கத்தில். அந்த ஒரு எண்ணை மட்டும் அழைக்காமல் தாண்டிப் போனேன். மற்றவர்களை அழைத்தேன்.

இன்று படித்துவிட்டுப் பார்த்தால், அங்கே நடந்தது சட்டத்துக்கு உட்பட்டதல்ல. டியூஷன் மையம் வணிக நிறுவனம். வேறு நோக்கத்துக்காகப் பெற்றோர் கொடுத்த எண்ணை, அவர்கள் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்தினோம். விளம்பர அழைப்பை நிறுத்தும்படி எழுத்து மூலம் கேட்கும் உரிமை எந்தப் பெற்றோருக்கும் உண்டு. கேட்டும் நிறுத்தாவிட்டால் ஆணையரிடம் முறையிடலாம். நான் அழைத்தவர்களில் ஒருவர்கூட அப்படிக் கேட்கவில்லை. அவர்களுக்கு அது தெரியாது. அழைத்த எனக்கும் தெரியாது.

பட்டியல் எப்படிப் பயணம் செய்கிறது என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். யாரும் திருடவில்லை. ஒருவர் அக்கறையோடு தயாரித்தார், ஒருவர் உதவிக்காக அனுப்பினார், ஒருவர் பிறகு பயன்படும் என்று சேமித்தார், ஒருவர் வேலை என்று அழைத்தார். கடைசியில் நிற்பவர் நானாக இருந்தேன்.

கையெழுத்து போதுமா?

"சரி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும்தானே?" என்று வகுப்பில் ஒரு தோழி கேட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஸ்வீடன் நாட்டில் நடந்த ஒன்றைப் படித்தபிறகு மாற்றிக்கொண்டேன்.

ஷெலெஃப்டியோ என்ற ஊரின் நகராட்சி, 2018 இலையுதிர் காலத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் முகம் அறியும் கேமராவால் வருகைப் பதிவு எடுத்துப் பார்த்தது. 22 மாணவர்கள், மூன்று வாரம். மாணவர், பெற்றோர் தரப்பில் சம்மதம் வாங்கியிருந்தார்கள். விரும்பாதவர் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். 2019 ஆகஸ்ட்டில் அந்நாட்டுத் தரவு பாதுகாப்பு ஆணையம் நகராட்சிக்கு 200,000 குரோனா அபராதம் விதித்தது. ஐரோப்பியத் தரவு பாதுகாப்பு விதியின்கீழ் ஸ்வீடனில் விதிக்கப்பட்ட முதல் அபராதம் அது.

ஆணையம் சொன்ன காரணங்களில் இரண்டு எனக்கு முக்கியமாகப் பட்டன. பள்ளிக்கும் மாணவனுக்கும் இடையே அதிகாரம் சமமாக இல்லை. பள்ளியைச் சார்ந்திருப்பவன் கொடுக்கும் சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மேலும், யார் வந்தார், யார் வரவில்லை என்று தெரிந்துகொள்ள முகத்தைப் பதிவு செய்யத் தேவையே இல்லை. பெயர் கூப்பிட்டாலே போதும்.

எங்கள் வீட்டு நிலையும் அதுதான். அந்தக் காலை உணவுக்காக அம்மா எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டிருப்பார். 'உங்கள் விவரம் வகுப்புக் குழுவில் பகிரப்படும், சம்மதமா?' என்று கேட்டிருந்தாலும் போட்டிருப்பார். அது சம்மதமா, வேறு வழியின்மையா? போதாததற்கு, தகவல் சேகரிப்பவர் தரவேண்டிய அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்றுதான் நம் சட்டம் சொல்கிறது. தமிழில் தரவேண்டிய கட்டாயம் இல்லை. தமிழ் மட்டுமே சரளமாகப் படிக்கத் தெரிந்த பாட்டிகளும் அம்மாக்களும் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமலே போடுகிறார்கள்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது 'கையெழுத்து வாங்கியாயிற்றா' என்பது அல்ல. 'இந்த விவரத்தை யார் யார் பார்க்க வேண்டும்?' என்பதுதான். உணவு கொடுப்பவருக்குப் பெயரும் வகுப்பும் போதும். தகுதியை முடிவு செய்யும் ஆசிரியருக்கு வருமானம் தெரிய வேண்டும். மற்ற முப்பத்தாறு பேருக்கு எதுவுமே தெரிய வேண்டியதில்லை. இந்தக் கேள்விக்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை. சட்டம் எட்டாத அரசுப் பள்ளியிலும் இதைக் கேட்கலாம். நாளைக்கே நாடாளுமன்றம் 3ஆம் பிரிவைத் திருத்தினாலும், இதைக் கேட்கும் பழக்கம் இல்லாவிட்டால் பட்டியல்கள் வந்துகொண்டுதான் இருக்கும்.

நாம் செய்யக்கூடியவை

ஆசிரியருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும்: உதவித் திட்டம், மருத்துவக் குறிப்பு, கட்டண பாக்கி, தேர்வுப் புள்ளி ஆகிய நான்கையும் குழுவில் போட வேண்டாம். அந்தந்தப் பெற்றோருக்குத் தனியே அனுப்பலாம். பட்டியலை அனுப்பியே ஆகவேண்டும் என்றால் தேவையில்லாத கட்டங்களை முதலில் நீக்கிவிடலாம். எக்செலில் ஒரு கட்டத்தை மறைத்து வைப்பது நீக்குவது ஆகாது. வாங்குபவர் ஒரு சொடுக்கில் அதைத் திறந்துவிடுவார். ஆண்டு முடிந்ததும் பழைய குழுவையும் பழைய கோப்பையும் அழித்துவிடலாம்.

பெற்றோருக்கு: பாரம் நிரப்பும்போது 'இது எதற்கு?' என்று பணிவாகக் கேட்கலாம். கேட்பது சண்டை பிடிப்பது ஆகாது. டியூஷன் மையத்திலோ தனியார் பாலர்பள்ளியிலோ உங்கள் பிள்ளையைப் பற்றி என்ன விவரம் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டால், 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். தேர்ச்சி பெற்ற பிள்ளையின் படத்தைப் பதாகையில் போடுவதற்கு முன் உங்களையும் பிள்ளையையும் கேட்டார்களா என்று பாருங்கள். வகுப்புக் குழு இருக்கும் கைப்பேசியைப் பிள்ளையிடம் கொடுக்கும் முன், அதில் அடுத்தவர் வீட்டு விவரமும் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் போன்ற மாணவர்களுக்கு: நம்மில் பலர் விடுமுறையில் டியூஷன் மையத்திலும் கடையிலும் வேலை பார்க்கிறோம். கையில் ஒரு பட்டியல் வந்தால் 'இது எங்கிருந்து வந்தது?' என்று ஒரு முறை கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது இந்த ஒரு கேள்வியைத்தான்.

பிறகு நடந்தது

அம்மா ஒருவழியாகச் சம்மதித்தார். ஐந்தாம் நாள் மாலை பள்ளி முடியும் நேரத்தில் நாங்கள் இருவரும் போனோம். அம்மா கடையிலிருந்து ஒரு பொட்டலம் பலகாரம் எடுத்து வந்திருந்தார்; வெறும் கையோடு போகக்கூடாதாம். வாசலிலேயே என்னிடம், "நீ அதிகமா பேசாத, நான் பேசுறேன்" என்றார். உள்ளே போனபிறகு அவரால் பேச முடியவில்லை. "டீச்சர், தம்பி காலையில சாப்பிட மாட்டேங்குறான்" என்பதோடு நிறுத்திவிட்டார். மீதியை நான் சொன்னேன்.

ஆசிரியர் கைப்பேசியை எடுத்து அந்தச் செய்தியைத் தேடினார். எல்லோருடைய கைப்பேசியிலிருந்தும் அழிக்கும் வசதிக்குக் கால வரம்பு உண்டு, அது தாண்டிவிட்டது. அவருடைய திரையில் மட்டும்தான் அழிக்க முடிந்தது. வெகுநேரம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் யோசிக்கவே இல்லம்மா. எத்தனை வருஷமா இப்படித்தான் அனுப்புறேன்" என்றார். அந்த வாரமே குழுவில் மன்னிப்புக் கேட்டு, பட்டியலை அழித்துவிடும்படி எல்லோரையும் கேட்டுக்கொண்டார். எத்தனை பேர் அழித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதன்பிறகு அவர் எந்த உதவித் திட்டத்துக்கும் ஒவ்வொரு பெற்றோருக்கும் தனித்தனியாகத்தான் செய்தி அனுப்பினார். பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் சிலரும் அப்படியே செய்யத் தொடங்கினார்கள் என்று கேள்விப்பட்டேன். எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

தம்பி இப்போது இரண்டாம் படிவம் படிக்கிறான். 'ஆயிரத்து அறுநூறு' என்ற பெயர் ஆறாம் ஆண்டு முடியும்வரை அவனை விடவில்லை. அந்த ஆண்டு முழுக்க அவன் பள்ளியில் காலை உணவு வாங்கவே இல்லை. அம்மா விடியற்காலையில் எழுந்து ஏதாவது கட்டிக் கொடுத்தார்.

இந்தக் கட்டுரையை அனுப்பும் முன் அவனிடம் படித்துக் காட்டினேன். அவனைப் பற்றி எழுதுவதற்கு அவனைக் கேட்க வேண்டும் அல்லவா? முழுதும் கேட்டுவிட்டு, "என் பேரையும் ஸ்கூல் பேரையும் போடாத, அக்கா. மத்தது போட்டுக்கோ" என்றான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "அந்த நம்பரையும் போடு. இப்ப பரவாயில்ல" என்றான்.

அவன் சொன்னபடியே போட்டிருக்கிறேன்.